மூட்டிய வேட்டி

தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் ஆவணி முகூர்த்த நாளில், திருவனந்தபுரத்தில் ஒரு கோயிலில் நடந்தது இது. அன்றைக்கு எனக்குத்தான் கல்யாணம். மணமேடையில் பெண் தலைகுனிந்து நின்றால், 'பாரேன், எவ்வளவு வெட்கம்!' என்று நாலு பேர் ரசிப்பார்கள். என்னையும் அப்படித்தான் ரசித்தார்கள். அது அந்த வெட்கம் இல்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று நான் நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் என் அப்பாவின் வேட்டியால் வந்தது.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு தையல் வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன். மூட்டுவது. எங்கள் தென்காசிப் பக்கம் ஆண்கள் கைலி வாங்கினால் கடையிலிருந்து நேராகத் தையல்காரரிடம் போவார்கள். கைலியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து வைத்து, மேலிருந்து கீழே ஒரே தையல். துணி குழாய் மாதிரி ஆகிவிடும். அதுதான் மூட்டுவது. மளிகைக் கடையில் சாக்கின் வாயைக் கோணி ஊசியால் தைத்து அடைப்பதும் மூட்டுவதுதான். இரண்டு ஓரத்தைக் கூட்டி ஒன்றாக்கும் எந்தத் தையலும் எங்கள் வீட்டில் மூட்டுவதுதான். வாய் பிரிந்த தலையணை உறையைக்கூட அம்மா, "குடு, மூட்டித் தாரேன்" என்றுதான் வாங்குவாள்.

நாங்கள் பிழைக்க வந்த திருவனந்தபுரத்தில் ஆண்கள் கைலியை மூட்டுவதில்லை. அப்படியே சுற்றிக் கட்டி, முழங்காலுக்கு மேல் ஒரு மடிப்பு மடித்துக்கொண்டு நடப்பார்கள். எங்கள் தெருவில் மூட்டின கைலி கொடியில் காய்ந்தால் அது தமிழன் வீடு என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் என் தோழிகள் அதைச் சொல்லியே என்னைக் கேலி செய்திருக்கிறார்கள். நானும் சிரித்து வைப்பேன். வீட்டுக்கு வந்து வாசல் கொடியிலிருக்கும் கைலியை எடுத்து வீட்டுக்குப் பின்பக்கம் காயப் போடுவேன். அந்த ரோஷம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

அப்பா ஆரியசாலையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் வேலை பார்த்தார். வந்த புதிதில் சாக்கு மூட்டுவதும் அட்டி போடுவதும்தான் வேலை. மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை அட்டி என்பார்கள். ஒரு நாள் மல்லி மூட்டை அட்டி சரிந்து அவர் இடது தோளில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் நரம்பில் என்ன ஆனதோ, கை தோளிலிருந்தே வற்றத் தொடங்கி, சில வருஷத்தில் சூம்பிப் போய்த் தொங்கியது. முதலாளி நல்ல மனுஷர். தராசுப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, "இனிமே நீங்க நிறுவையைப் பாத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு கை இல்லையென்றால் மனுஷன் எதற்கெல்லாம் திண்டாடுவான் என்று நமக்குத் தெரிவதில்லை. வேட்டி கட்ட இரண்டு கை வேண்டும். ஒரு முனையை இடுப்பில் அழுத்திப் பிடிக்க ஒன்று, மறுமுனையைச் சுற்றிக் கொண்டுவர இன்னொன்று. கைலியைப் பற்றிக் கவலையில்லை, அது ஏற்கெனவே மூட்டினது. குழாய்க்குள் காலை விட்டு மேலே இழுத்து, மிச்சத் துணியை ஒரே கையால் வாரி இடுப்பில் செருகிவிடலாம். ஆனால் வெள்ளை வேட்டியை எங்கள் பக்கத்தில்கூட யாரும் மூட்டமாட்டார்கள். கொஞ்ச காலம் அம்மாதான் கட்டிவிட்டாள். கட்டி முடிக்கும்வரை அப்பா எங்கள் யார் முகத்தையும் பார்க்கமாட்டார், சுவரைப் பார்ப்பார். ஒரு நாள் அம்மா ஒன்றும் சொல்லாமல் அவருடைய வேட்டிகளையெல்லாம் எடுத்து மிஷினில் மூட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அப்பா தானே கட்டிக்கொண்டார். வெளியே போகும்போது முழுக்கைச் சட்டை, இடது தோளில் ஒரு துண்டு. புதிதாகப் பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டாரும் அப்படித்தான் பார்த்தார்கள். அவர்களும் தமிழர்கள்தான். மூன்று தலைமுறையாகத் திருவனந்தபுரத்தில் இருப்பதால் பேச்சில் பாதி மலையாளம். 'பெண்ணோட அப்பாவுக்குக் கையில ஒரு சின்ன அடி' என்று நடுவில் பேசியவர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும்போது அம்மா முந்திக்கொண்டு தட்டைப் பிடித்தாள். அப்பா வலது கையால் சும்மா தொட்டுக்கொண்டார். நாங்கள் பொய் எதுவும் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை.

அப்போதுதான் என் மாமியார் குண்டைத் தூக்கிப் போட்டார். மூத்த மகன் கல்யாணத்தைத் தங்கள் கோயில் மண்டபத்தில் வைத்து நடத்துவதாக நேர்ந்திருக்கிறாராம். சாப்பாடு மட்டும்தான் ஹாலில். அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் மூவருக்கும் முகம் செத்துவிட்டது. இங்கே கோயிலுக்குள் ஆண்கள் சட்டை போடக்கூடாது. கை சூம்பிய பிறகு அப்பா எந்தக் கோயிலுக்குள்ளும் போனதே இல்லை. தெருவில் நின்றே கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பாதான் சமாதானம் சொன்னார். "சட்டை கூடாதுன்னா என்ன, நேரியல் இருக்குல்லா? அதைப் போத்திக்கிடுதேன்." நேரியல் என்றால் மேல்துண்டு. அதிலிருந்து தினமும் எங்கள் வீட்டில் ஒத்திகைதான். அலமாரிக் கண்ணாடி முன்னால் அப்பாவை நிறுத்தி, இடது தோளிலிருந்து விரல் நுனிவரை மறைகிற மாதிரி நேரியலைப் போர்த்திப் பார்ப்போம். பட்டு என்பதால் வழுக்கிக்கொண்டே இருக்கும். "ஒரு பின் குத்திட்டா நிக்கும்" என்றேன் நான். "எங்க குத்த? சட்டையா இருக்கு? எந்தோல்லதான் குத்தணும்" என்றார் அப்பா. மூவரும் சிரித்தோம். அந்த வீட்டில் கல்யாணத்துக்கு முன் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

என் தாய்மாமா அப்பாவுக்குப் பட்டு வேட்டி எடுத்து வந்தார். அம்மா அதையும் மூட்டினாள். ஜரிகையோடு ஜரிகை சேரவேண்டுமே என்று, அதே நிறத்தில் நூல் தேடிச் சாலைக் கடைத்தெரு முழுக்க அலைந்து வாங்கி வந்தாள். தையல் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு சுத்தம். சட்டை, கை, நேரியல் என்று இத்தனை யோசித்தோமே, அந்தத் தையலைப் பற்றி ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் முதலிலேயே உள்ளே போய்விட்டார்கள். நாங்கள் மேளத்தோடு வாசலுக்குப் போனோம். அங்கே நின்ற கோயில் ஊழியர் வயதானவர். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பார்வை வேட்டியின் ஓரத்தில் நின்றது.

"அய்யோ, இது தைச்சதாணல்லோ! தைச்ச துணியோட அகத்து கேறான் பற்றில்லா."

தைத்த துணியோடு உள்ளே ஏறக்கூடாது என்கிறார். எங்களுக்கு முதலில் புரியவே இல்லை. மாமா சண்டைக்குப் போய்விட்டார். "வேட்டிதானய்யா இது? பேன்டா போட்டிருக்காங்க?" என்று கத்தினார். அந்த மனிதர் கோபப்படவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். வேட்டியானாலும் ஊசி ஏறிய துணி தைத்த துணிதான், பிரித்துவிட்டு வந்தால் போதும் என்றார். அவர் பேரில் தப்பில்லை, அங்கே வழக்கம் அது. பின்னால் சொந்தக்காரர்கள் குவிந்துவிட்டார்கள். என்னவாம், என்னவாம் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்கிறார்கள். 'வேட்டியை மூட்டிருக்காம்லா' என்று பதில் போகிறது. சிரிப்பு வருகிறது. மேளக்காரர் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் விட்டு விட்டு வாசிக்கிறார். மாலையும் கழுத்துமாக நான் நட்ட நடுவில் நிற்கிறேன்.

வாசலில் பூக் கட்டுகிற அம்மா நார் அறுக்க வைத்திருந்த பிளேடை நீட்டினார். செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் அப்பாவை நிறுத்தி, அம்மா அவர் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்து, கீழேயிருந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, கையில் பிளேடு. அவள் போட்ட தையல் லேசில் பிரியவில்லை. முகூர்த்த நேரம் போகிறது என்று மாமா அவசரப்படுத்தினார். அப்பா வழக்கம்போலச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

மாமா வேட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, "அத்தான், பட்டு நழுவும். அந்த நேரியலை எடுத்து இடுப்புல ஒரு கட்டுக் கட்டிருவோம்" என்றார்.

"வேண்டாம். அது தோளுக்கு வேணும்."

"இடுப்புல நிக்காது அத்தான், சொன்னாக் கேளுங்க."

அப்பா நேரியலைப் பிடித்திருந்த கையை விடவே இல்லை. மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நானும், இருக்கட்டும், தோளிலேயே இருக்கட்டும் என்பதுபோல் தலையாட்டினேன். கையை மறைக்க வேண்டும் என்பது மட்டும்தான் எங்கள் மூவர் மனதிலும் இருந்தது. இடுப்பை யாரும் நினைக்கவில்லை.

உள்ளே போய் மண்டபத்தில் அப்பா உட்காரக் குனிந்ததும் நேரியல் சரிந்தது. அத்தனை நாள் ஒத்திகையும் ஒரு நொடியில் போனது. வெற்று மார்பும், காய்ந்த முருங்கைக்காய் மாதிரித் தொங்கும் கையும், வீடியோக்காரரின் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. "கை இங்ஙனயா? நம்மகிட்ட ஆரும் பறஞ்சில்லல்லோ?" என்று, யாரும் தங்களிடம் சொல்லவில்லையே என்ற குறையோடு ஒரு குரல் தெளிவாகவே கேட்டது. அம்மா நேரியலை எடுத்து மறுபடி போர்த்தினாள். அது மறுபடி சரிந்தது. அப்பா, "விடு" என்றார். அப்போது குனிந்த தலையை நான் நிமிர்த்தவே இல்லை. கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். எல்லாரும் பார்க்கிறார்களே என்ற வெட்கம் ஒரு பக்கம். எது பெரிது என்று கேட்டால், வெட்கம்தான் என்று சொல்லவேண்டியிருக்கும்.

தாரை வார்க்க எழுந்து நின்றோம். மாப்பிள்ளை கைமேல் என் கை. அதை அப்பா தன் வலது கையால் சேர்த்துப் பிடிக்க, அம்மா மூக்கு வைத்த கிண்டிச் செம்பிலிருந்து தண்ணீர் விட வேண்டும். மந்திரம் சொல்லி முடியும்வரை அந்தக் கையை எடுக்கக்கூடாது. தண்ணீர் விழும்போது பெண்ணைப் பெற்றவர் கை விலகினால் அதைவிட அபசகுனம் இல்லை என்று எங்களில் நினைப்பார்கள்.

தலைகுனிந்து நின்றதால் எனக்குத்தான் அது முதலில் கண்ணில் பட்டது. அப்பாவின் கணுக்காலுக்கு மேல் இருந்த ஜரிகைக் கரை, பாதத்துக்கு வந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையைத் தொட்டது. உட்கார்ந்து எழுந்ததில் கட்டு நெகிழ்ந்துவிட்டது. வேட்டி இறங்குகிறது!

அம்மா கையில் கிண்டி. மாமா யாரையோ வரவேற்கப் போய்விட்டார். கத்தவா முடியும்? அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. அவருக்கு இருப்பது ஒரு கை. அதில் என் கை இருக்கிறது. அதை விட்டால்தான் வேட்டியைப் பிடிக்க முடியும். விட்டுவிடுங்கள் அப்பா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவர் விரல்கள் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தன. வளையல் உடைந்துவிடும்போல அழுத்தம். ஊருக்கு முன்னால் துணியில்லாமல் நின்றாலும் நிற்பேன், உன் கையை விடமாட்டேன் என்று அந்த மனிதர் முடிவு செய்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் எதிர்ப் பக்கத்தில் மகனுக்குப் பின்னால் நின்றிருந்த என் மாமனார் நகர்ந்தார். அவரைப் பற்றி அதுவரை எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. சிரிக்காத மனிதர். பெண் பார்க்க வந்தபோதும் உம்மென்று உட்கார்ந்திருந்தவர். சம்பந்தி சடங்கின் நடுவில் இப்படி இடம் மாறக்கூடாது. மந்திரம் சொன்னவர் நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தார். மாமனார் யாரையும் லட்சியம் செய்யாமல் சுற்றி வந்து அப்பாவின் முதுகை ஒட்டி நின்றார். ஒரு கையால் இடுப்பில் வேட்டியை அப்படியே கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, கையை விடண்டாம். நான் பிடிச்சிட்டுண்டு" என்றார். அது எங்கள் நாலு பேருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி, "நீங்க மந்திரத்தைச் சொல்லுங்கோ சாமி, நேரம் போகுதல்லோ!" என்று ஓர் அதட்டல் போட்டார்.

அதோடு விடவில்லை. இன்னொரு கையைத் தூக்கி, எல்லாரும் பார்த்து முணுமுணுத்த அந்தச் சூம்பிய தோளின் மேல் போட்டுக்கொண்டார், பழைய சிநேகிதன் தோளில் போடுவதைப்போல. போட்டோக்காரர் வந்து, "சார், கொஞ்சம் மாறி நில்லுங்க, மறைக்குது" என்றார். "இங்ஙனதான் எடுக்கணும்" என்றார் மாமனார். சலசலத்த பெண்கள் பக்கம் சத்தமே இல்லை. வீட்டுப் பெரியவரே அந்தத் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது யார் வாயைத் திறப்பார்கள்?

அம்மா தண்ணீர் விட்டாள். கிண்டியிலிருந்து வந்ததைவிட அவள் கண்ணிலிருந்து வந்ததுதான் அதிகம். தாலி கட்டி முடிந்து, வெளியே வரும்வரை மாமனார் பிடியை விடவில்லை. இருவரும் ஒட்டிக்கொண்டே நடந்தார்கள். வெளியே வந்ததும் மாமா ஓடிவந்து அதே நேரியலை இடுப்பில் கட்டிவிட்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் அப்பா அவரிடம், "உங்ககிட்ட முன்னாடியே சொல்லிருக்கணும்" என்று ஆரம்பித்தார். "எந்த விஷயம்? வாருங்கோ, பாயசம் ஆறுது" என்று சொல்லி மாமனார் அவர் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அப்பா இருந்தவரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. என்னிடமும் பேசியதில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஆல்பத்தில் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள், 'சம்பந்திங்க ரெண்டு பேரும் என்ன ஒட்டுதல்!' என்பார்கள். எனக்கு முகம் சுடும். அவர்கள் கண்ணுக்குப் படுவது தோளில் இருக்கும் கை. பின்னால் இருக்கும் இன்னொரு கை படத்தில் இல்லை.

அப்பா போய்ச் சில வருஷமாகிறது. மாமனாருக்கும் வயதாகிக் கை நடுக்கம் வந்துவிட்டது. ஒரு நாள் ஹாலில் பேரப்பிள்ளைகள் முன்னால் அவர் வேட்டி அவிழ்ந்து விழுந்துவிட்டது. பிள்ளைகள் விவரம் தெரியாமல் சிரித்துவிட்டார்கள். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிடக்கூட வரவில்லை. நான் கொடியிலிருந்த அவருடைய வேட்டிகளையெல்லாம் எடுத்தேன். அம்மாவின் பழைய மிஷின் என்னிடம்தான் இருக்கிறது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒவ்வொன்றாக மூட்டிக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தேன்.

அவர் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "தைச்ச துணியல்லோ, கோயிலுக்கு இது பற்றில்லல்லோ மோளே" என்றார்.

"அங்க பிரிச்சிருவோம் மாமா. நான் பின்னால நின்னு பிடிச்சுக்கிடுதேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் நாங்கள் இருவரும் வாயைத் திறக்காமல் வைத்திருந்தது அந்த ஒரு பார்வையில் முடிந்துவிட்டது. சிரிக்காத அந்த மனிதர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அன்றைக்கு அப்பாவின் கையைப் பார்த்து நான் தலைகுனிந்து நின்றேனே, அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் ஒருவருடைய மானம் அவர் இடுப்பில் மட்டும் இல்லை, பின்னால் வந்து நிற்கிறவர் கையிலும் இருக்கிறது என்பதை, மிஷினில் ஒவ்வொரு வேட்டியையும் மூட்டும்போது நினைத்துக்கொள்கிறேன்.